இரு கடல் நடுவே ஒரு மணல் முனை

அரிச்சல்முனையின் நுனியில் நின்றுகொண்டு, இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறிப் பார்த்த எங்கள் வீட்டுச் சிறுவன், "இரண்டும் ஒரே கடல்தானா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் வியப்பில்லை. இடப்புறத்துக் கடல் நெய் உறைந்த தட்டைப்போல் அசைவற்றுக் கிடந்தது. வலப்புறத்துக் கடலோ நுரை கக்கிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு எழுந்து, கரையில் அடுக்கியிருந்த பாறைகளின்மேல் மோதித் தெறித்தது. இரண்டுக்கும் இடையே இருந்தது, சிறுவர்கள் ஒரே மூச்சில் ஓடிக் கடந்துவிடக்கூடிய மணல் மட்டுமே. 2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், எங்கள் பங்கைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் சேர்ந்து இராமேசுவரத் தீவுக்குச் சென்றிருந்தபோது கண்ட காட்சி இது.

இவ்வூர் மீனவர் இடப்புறத்துப் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், வலப்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வழங்குகின்றனர். பெயரைக் கேட்டு அது சாதுவான கடல் என்று எண்ணிவிட வேண்டாமென எங்களுடன் வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே எச்சரித்தார்கள். அது வெறும் விளையாட்டுப் பேச்சன்று என்பது எங்களுக்கு மறுநாள்தான் விளங்கிற்று.

தங்கச்சிமடத்தில் எங்கள் அண்ணியின் பிறந்த வீட்டில் தங்கியிருந்தோம். அண்ணியின் தகப்பனார் எண்பதை நெருங்கியவர். பன்னிரண்டு வயதில் பாய்மரப் படகில் கால் வைத்து, பின்னர் இயந்திரப் படகுகளையும் ஓட்டி, கண்பார்வை மங்கிய பின்னரே கரையேறியவர். நாங்கள் அவரை மாமா என்றே அழைப்போம். இக்கட்டுரையில் கடலைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் நல்ல பகுதி அவர் வாயிலாகக் கேட்டது. எஞ்சியது பின்னர் நாங்கள் நூல்களில் தேடிச் சரிபார்த்துக்கொண்டது.

மறுநாள் காலை வடகரைக்குச் சென்றோம். பனங்காட்டுக்கு அப்பால் கடல் குளம்போலக் கிடந்தது. சிற்றலைகூட இல்லை. படகுக்காரர் ஒருவர், "குழந்தைகளை ஏற்றுங்கள், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று முன்வந்தார். பேசிய கூலியும் அதிகமன்று. சிறுவர்கள் அதற்குள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். அப்போது மாமா தம் ஊன்றுகோலை நீட்டி வழிமறித்து, "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எங்களுக்குச் சற்று மனத்தாங்கலே உண்டாயிற்று. இத்தனை தொலைவு வந்து, இவ்வளவு அமைதியான கடலில் ஏறாமல் திரும்புவதா? முதுமையின் அச்சம் என்று ஒருவர் முணுமுணுத்ததும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தம்பி, அலை இல்லை என்று பார்க்கிறீர்கள். ஏன் இல்லை என்று பார்க்கவில்லையே" என்றார். பின்பு ஒரு பிடி மணலை அள்ளித் தலைக்கு மேலே உயர்த்தி மெல்ல உதிர்த்தார். மணல் எங்கள் முதுகுப்புறத்திலிருந்து கடலை நோக்கிப் பறந்தது.

அதுவே பாடம். ஆடி மாதத்தில் இங்கே வீசுவது தென்மேற்குக் காற்று. சோழகக் காற்று, கச்சான் காற்று என்று திசைக்கேற்பப் பெயர் சொல்கிறார்கள். தீவின் வடகரையில் நிற்பவர்க்கு அது நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் காற்று. அலை என்பது காற்று நீரின்மேல் தவழ்ந்து செல்லும் தொலைவுக்கேற்ப வளர்வது. கரையோரத்தில் காற்றுக்கு அத்தொலைவு கிடைப்பதில்லை. போதாக்குறைக்குப் பனைகளும் வீடுகளும் அதைத் தடுத்துவிடுகின்றன. ஆகையால் கரையிலிருந்து பார்ப்பவர்க்குக் கடல் குளமாகத் தெரிகிறது. இரண்டு மைல் உள்ளே சென்றால் அதே காற்றுக்குத் தடையில்லை, அலை வளர்ந்திருக்கும். அங்கே இயந்திரம் நின்றுபோனால், அல்லது கடற்பாசி சுற்றி விசிறி ஓடாமற்போனால், காற்று படகை ஊரை நோக்கித் தள்ளாது. ஊரைவிட்டு வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துடுப்பை எடுத்து எதிர்த்து வலிக்க எட்டு வயதுக் குழந்தைகளா வருவார்கள்? கரையில் நிற்பவர்களுக்கோ, படகு நகர்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது. போகும்போது இன்பமாகவும் திரும்பும்போது துன்பமாகவும் இருக்கும் காற்று இது என்றார் மாமா.

அன்று அவர் காட்டிய மற்றொன்றும் உண்டு. கரையோரத்தில் இரண்டு வத்தைகள் ஈரச் சேற்றில் சாய்ந்து கிடந்தன. முந்திய நாள் அவை மிதந்துகொண்டிருந்தனவாம். "கடல் உள்வாங்கிவிட்டது" என்று நாளேடுகளில் அவ்வப்போது நாம் படிக்கும் செய்தி இதுதான். 2004 டிசம்பர் 26-ஆம் நாளுக்குப் பிறகு, கடல் பின்வாங்கியது என்று கேட்டாலே நம் நெஞ்சு பதறுகிறது. அது இயல்பே. ஆனால் பாக் விரிகுடாவில் பெரும்பாலான வேளைகளில் அது காற்றின் வேலை. பலத்த தென்காற்று பல மணி நேரம் தொடர்ந்து வீசினால், ஆழமில்லாத நீரை அப்படியே வடக்கே ஒதுக்கிவிடுகிறது. தாம்பாளத்தில் உள்ள நீரை ஊதினால் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் ஏறுவதுபோல. ஆழமான கடலில் மேல்நீர் ஒதுக்கப்பட்டால் அடியில் நீர் திரும்பி வந்து சமன்செய்துவிடும். ஆழமில்லாத இடத்தில் அவ்வாறு திரும்பி வர அடியில் இடமில்லை. ஆதலால் நேற்று மூன்றடி நீரிருந்த வழியில் இன்று ஓரடிதான் இருக்கும். மனத்தில் உள்ள வழியை நம்பிப் படகைச் செலுத்துபவன் மணலில் ஏறிவிடுவான்.

ஆழமில்லாத கடல் என்று சொன்னோம். அது எவ்வளவு என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்து மீட்டர் அளவான ஆழமே உடையது. மிக ஆழமான இடத்தில் நெடும்பனை ஒன்றை நட்டாலும் அதன் தலை வெளியே தெரியும். மதராஸ் கவர்னராய் இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரைத் தாங்கிய கடல் இது. (அவர் இந்தியாவுக்கு முதலில் வந்தது மதகுருவாக என்பது வேடிக்கையான செய்தி.) மன்னார் வளைகுடாவோ தெற்கே செல்லச் செல்ல ஆயிரம் மீட்டரையும் கடந்து ஆழ்ந்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 48 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் திட்டுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. ஆதாம் பாலம் என்றும், இராமர் சேது என்றும் வழங்குவது அதுவே.

நீச்சல் தெரியாதவர்கள் ஆழத்துக்கு அஞ்சுவார்கள். கடலோடிகள் ஆழமின்மைக்கு அஞ்சுகிறார்கள். ஆழ்கடலில் அலை எவ்வளவு உயர்ந்தாலும் அது படகைத் தூக்கி இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விடும். அதே அலை ஆழமில்லா இடத்தை அடையும்போது அதன் அடிப்பகுதி தரையில் உராய்ந்து தயங்குகிறது. பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்குகிறது. அலை குறுகி, செங்குத்தாகி, தலை முன்னே சாய்ந்து உடைந்து விழுகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கை எட்டும்போது அது நிற்க முடியாமல் உடைகிறது என்பது கணக்கு. நான்கு அடித் தண்ணீரில் மூன்றடி அலை நிலைக்காது. அவ்விடத்தில் படகு குறுக்கே நின்றால் கவிழ்ந்தது என்றே கொள்ள வேண்டும். "தென்கடல் அலை தூக்கித் தாலாட்டும், வடகடல் அலை மொத்தும்" என்பது மாமாவின் வாக்கு. ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வருவதால், அணியம் நிமிர்வதற்குள் அடுத்த அலை படகுக்குள் இறங்கிவிடும்.

இத்தீவின் வாழ்க்கையே இரு கடல்களின் முறைவைப்பில் அமைந்திருக்கிறது. வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். தீவின் மறைவில் வடகடல் கரை அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் காற்று பாக் விரிகுடா முழுவதையும் கடந்து தீவின் வடகரையில் மோதுகிறது. அப்போது தென்கரை அடங்கிவிடும். நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்கேற்பக் கரை மாற்றித் தொழில் செய்கிறார்கள்.

காற்றோடு நீரோட்டமும் திசை மாறுகிறது. மீனவர் அதை நீவாடு என்கின்றனர். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாவின் நீர் பாம்பன் வழியாகவும் மணல் திட்டுகளின் இடைவெளிகள் வழியாகவும் வடக்கே பாக் விரிகுடாவுக்குள் நுழைகிறது. வாடைக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் வடக்கிலிருந்து வந்து அவ்வழிகளிலேயே தெற்கே இறங்குகிறது. இங்கே ஓதம் ஏறி வற்றும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆயினும் அவ்வளவு நீரும் குறுகிய வாயில்களின் வழியே போய் வர வேண்டியிருப்பதால், அவ்வாயில்களில் ஓட்டம் ஆற்று வெள்ளம்போல் விரைகிறது.

இரயிலில் வரும்போதே இதைக் கண்ணால் கண்டிருந்தோம். அப்போது பொருள் விளங்கவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் மேல் எங்கள் வண்டி ஊர்ந்து சென்றது. நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி, கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக அப்படியே செங்குத்தாக மேலே உயர்த்தப்படுவது. பக்கத்தில், 1914-இல் திறக்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்ற பழைய பாலம் நிற்கக் கண்டோம். அதன் தூண்களுக்கிடையே நீர் சுழித்துக்கொண்டு வடக்கு நோக்கி ஓடிற்று. பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் வண்டிக்குச் சைகை கிடைத்ததில்லை. நிலத்தில் ஓடும் இரும்பு வண்டிக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், கீழே மரப்பலகையில் செல்பவனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

பாம்பன் வாயிலில் மிகவும் கெட்ட வேளை எது என்று மாமாவைக் கேட்டோம். புயலைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு. நீவாடு ஒரு பக்கம் ஓட, காற்று அதற்கு எதிரே வீசும் வேளைதான் கெட்டது என்றார். காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் சென்றால் அலை நீண்டு தாழும். ஒன்றையொன்று எதிர்த்தால், ஓட்டம் அலையைத் தடுத்து நிறுத்த, அலை குறுகிச் சுவர்போல் எழும்புகிறது. காற்றின் வேகம் அதேதான். ஓட்டம் திரும்பிய அரைமணி நேரத்தில் கடல் வேறு கடலாகிவிடுகிறது. அதனால்தான் பழைய பாய்மரக்காரர்கள் வாயிலுக்கு வெளியே நங்கூரம் போட்டு, ஓட்டம் தணியும் வரை அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்களாம். காத்திருக்கத் தெரியாதவன் கடலுக்குப் போகலாகாது என்று அவர் சொன்னபோது, காலையில் முணுமுணுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காற்றுக்காகக் காத்திருக்க நேர்வது புனிதர்களுக்கும் விலக்கன்று. 1544 ஜூன் மாதத்தில், குமரிமுனைப் பகுதிக் கிறிஸ்தவர்கள் வடுகரின் படையெடுப்பால் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடுவதாகக் கேள்வியுற்ற புனித சவேரியார், மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் அவர்களுக்கு உதவப் புறப்பட்டார். அது தென்மேற்குக் காற்றின் உச்சக் காலம். குமரியோ அக்காற்று வரும் திசையில் இருக்கிறது. எட்டு நாள் தோணியில் அலைக்கழிந்தும், வலித்துப் பார்த்தும் முனையை எட்ட முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பியதைத் தம் உடனுழைப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெரிவிக்கிறார். நாங்கள் அரிச்சல்முனையில் கண்டு மலைத்த ஆண் கடலின் மேற்குக் கரைதான் அது. காற்றும் அதே காற்று.

தனுஷ்கோடிக்கு முதல் நாளே சென்றிருந்தோம் என்று சொன்னோம் அல்லவா? 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதிலிருந்து, முன்பு மணலில் தள்ளாடிச் சென்ற வண்டிகளுக்கு மாறாகப் பேருந்துகளும் மகிழ்வுந்துகளும் வரிசையாக வருகின்றன. வழியில், கூரையற்று நிற்கும் ஆலயத்தின் சுவர்களைப் பார்க்க எல்லாரும் இறங்குகிறார்கள். நாங்களும் இறங்கினோம். பீடம் இருந்த பக்கத்தில் மணல் குவிந்திருக்கிறது. சுவர்கள் பவளக் கற்களால் கட்டப்பட்டவை. கடலிலிருந்து எடுத்துக் கட்டிய வீட்டைக் கடலே வந்து பிரித்துப்போட்டிருக்கிறது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. அந்தமானுக்குத் தெற்கே தோன்றிய புயல் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து பாக் நீரிணைக்கு வந்தது. ஆழமில்லாக் கடலில் காற்று நீரை ஒதுக்கும் விந்தையை மேலே கண்டோம். வத்தைகளைச் சேற்றில் சாய்த்த அதே விதிதான், புயலின் வேகத்தோடு சேர்ந்தபோது ஒரு நகரத்தை விழுங்கிற்று. குவிந்த நீர் ஒதுங்கிப் போக ஆழமின்றிச் சுவராய் எழுந்து தனுஷ்கோடியின்மேல் பாய்ந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி, ஊருக்கு அருகில் சைகை விளக்கு எரியாமையால் நின்றது. சற்றுக் காத்திருந்தபின் ஓட்டுநர் மெல்ல முன்னே செலுத்தினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அவ்வண்டி அலைக்குள் மறைந்தது. இப்பகுதியில் இறந்தோர் ஏறத்தாழ 1,800 பேர் என்பர். தனுஷ்கோடி மக்கள் வாழத் தகாத இடமென அறிவிக்கப்பட்டது. சிதைந்த பாம்பன் பாலத்தை இளம் பொறியாளராய் இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் சீர்செய்தார். இத்தீவில் யாரைக் கேட்டாலும் இழந்த ஒரு படகையோ ஓர் உறவினரையோ பற்றிப் பேச்சு வருகிறது. அப்துல் கலாம் அவர்களின் தந்தை யாத்திரிகரை ஏற்றிச் செல்வதற்காகக் கட்டிய மரப்படகும் ஒரு புயலில் அடித்துச் செல்லப்பட்டதாக அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அரிச்சல்முனைக்கு அப்பால் கடலில் வெளிறிய கோடுகளாய்த் தெரிபவை தீடைகள். நீர்மட்டத்துக்குச் சற்றே தலை தூக்கிய மணல் மேடுகளை இவ்வூரார் அப்படி அழைக்கின்றனர். இவை நிலையானவை அல்ல. காற்றுக்காலத்துக்குக் காற்றுக்காலம் இவற்றின் ஓரங்கள் கரைந்தும் சேர்ந்தும் உருமாறுகின்றன. சென்ற வாடையில் வழியாய் இருந்த இடம் இந்தச் சோழகத்தில் திட்டாய் இருக்கும். ஆகவே வரைபடத்தையும், செயற்கைக்கோள் காட்டும் கருவியையும் மட்டும் நம்பி இங்கே படகோட்ட முடியாது. நீ எங்கே இருக்கிறாய் என்று கருவி சொல்லும். உன் அடியில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். வெளிர்பச்சை என்றால் மணல், கருமை என்றால் பாசி அல்லது பாறை, நீலம் என்றால் ஆழம். காலை வெயிலில் கிழக்கு நோக்கிப் போகும்போது கண் கூசி இந்நிறங்கள் தெரியா. ஆகவே திட்டுகளுக்குள் போக வேண்டியவர்கள் சூரியனை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு போகும் நேரத்தைத் தேர்வார்களாம்.

இத்தீடைகளில் வழிப்போக்கர் காண முடியாத துயரமும் உண்டு. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து உயிருக்கு அஞ்சி வந்த தமிழர் ஆயிரக்கணக்கில் இக்குறுகிய கடலைக் கடந்தனர். கூலி வாங்கிய படகுக்காரர் சிலர், காவலுக்கு அஞ்சி, இரவில் அவர்களைத் தீடையில் இறக்கிவிட்டு, "இதுதான் இந்தியா, நடந்து போங்கள்" என்று சொல்லிச் சென்றுவிடுவதுண்டு. விடிந்த பின்னரே நாற்புறமும் நீர் என்பது தெரியும். 2022 மார்ச் மாதத்தில், பொருளாதார நெருக்கடியால் இலங்கையைவிட்டு வந்தவர்களில் ஒரு சிறு கூட்டத்தார், கைக்குழந்தையோடு இப்படியொரு தீடையில் பரிதவித்து நின்றனர். கடலோரக் காவல் படையினர் காற்றுமெத்தைக் கப்பலில் சென்று அவர்களை மீட்டனர். சாதாரணக் கப்பல் அங்கே நெருங்க முடியாது. நீரும் மணலும் பாதிபாதியாய் இருக்கும் இடத்துக்கு, இரண்டின் மேலும் ஓடும் அத்தகைய ஊர்தியே உகந்தது. மண்டபத்தில் அதற்கென ஒரு தளமே இருக்கிறது. குடிக்க நீரின்றி, மரநிழலின்றி, ஓதம் ஏறும்போது எவ்வளவு மணல் மிஞ்சுமோ என்று தெரியாமல் குழந்தையை மார்போடு அணைத்து நின்ற அந்தத் தாயை எங்கள் வீட்டுப் பெண்கள் ஊர் திரும்பும் வரை பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இக்கரை ஊர்களில் பழங்காலத்திலிருந்து ஓடிய பாய்மர வத்தைகளைப் பற்றி ஒரு சொல். அவற்றின் குறுக்கே நீண்ட பலகை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுப் பாயை அழுத்திப் படகு சாயும்போது, ஆட்கள் எதிர்ப்பக்கத்துப் பலகையில் போய் அமர்ந்து தங்கள் உடல் எடையால் அதை நிமிர்த்துவார்கள். ஆழமாய் மூழ்கும் அடிமரம் வைத்தால் திட்டில் தட்டும். எனவே பாரத்தை நீருக்கடியில் வைக்காமல் காற்றில் வைத்தார்கள். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர், 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது இவ்வமைப்பையும் குறித்துவைத்தார். இயந்திரம் வந்தபின் அப்பலகை அரிதாகிவிட்டது. இயந்திரம் நல்லதுதான் என்கிறார் மாமா. ஆனால் காற்றைப் பார்க்கும் பழக்கத்தை அது தின்றுவிட்டது என்றும் சொல்கிறார்.

அன்றிரவு முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். தென்னை ஓலைகளில் காற்று ஓயாமல் இரைந்தது. ஏன் காலையில் அத்தனை கண்டிப்பு என்று அண்ணி தன் தந்தையைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். அவர் உடனே விடை சொல்லவில்லை. பின்னர், தமக்கு ஒரு தம்பி இருந்த கதையைச் சொன்னார். அண்ணிக்கே அது முழுவதும் தெரிந்திருக்கவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், அண்ணன் தம்பி இருவரும் இன்னும் இருவரோடு வடகடலில் வலை விரித்துவிட்டுத் திரும்பினார்களாம். வாடை பலமாய்ப் பின்னாலிருந்து தள்ளிற்று. நடுக்கடலில் யாதொரு தொல்லையும் இல்லை, படகு பறந்தது. கரைக்கு இரண்டு பர்லாங்கு தொலைவில் ஒரு மணல் திட்டு. அதன்மேல் அலை உடைவது இருட்டிலும் வெள்ளையாய்த் தெரிந்தது. வெளியே நங்கூரம் போட்டு விடியும் வரை கிடப்போம் என்று அண்ணன் நினைத்தார். குளிர், பசி. வீட்டு விளக்கே கண்ணுக்குத் தெரிகிறதே, போய்விடலாம் என்றான் தம்பி. பின்காற்றில் வரும் படகுக்கு நிற்பது கடினம், போவதே எளிது. சரி என்று விட்டார். திட்டின்மேல் அணியம் தட்டியது. பின்னால் வந்த அலை படகைக் குறுக்கே திருப்பிற்று. அடுத்த அலை புரட்டிற்று. இடுப்பளவு நீர்தான். மூவர் நடந்தே கரையேறினார்கள். படகின் விளிம்பு தலையில் பட்ட தம்பியை மறுநாள் காலையில் கண்டெடுத்தார்கள். வயது இருபத்திரண்டு.

"சுக்கான் என் கையில் இருந்தது" என்றார் மாமா.

யாரும் பேசவில்லை. சற்று நேரத்துக்குப் பின் அண்ணி எழுந்து போய் அவருக்குச் சுக்குநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது வானிலை அறிவிப்புகள் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. காற்று மிகும் என்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை இயந்திரப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவதில்லை. புயல் நெருங்கினால் பாம்பன் துறைமுகக் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இப்பக்கம் வந்து, இராமநாதபுரக் கரையோரத்தில் வலுவிழந்து நகராமல் நின்றபோது, படகுகள் முன்கூட்டியே கரையில் கட்டப்பட்டிருந்தன. 1964-இல் இவ்வசதிகளில் பாதி இருந்திருந்தாலும் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். ஆயினும் அறிவிப்பு சொல்வது பொதுக் கடலைப் பற்றி. ஒரு திட்டின் தலையில், ஓட்டம் திரும்பும் அரைமணி நேரத்தில் என்ன நிகழும் என்பதை அவ்விடத்துக் கடலோடிதான் அறிவான். உல்லாசப் படகில் ஏறும் நம் குடும்பங்கள் உயிர்காப்பு மேலுடை கேட்டு அணிந்துகொள்ளவும், படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கவும் வெட்கப்படலாகாது. கரையில் அமைதியாய் இருக்கிறதே என்று ஓட்டுநரை வற்புறுத்துவது இன்னும் பெரிய பிழை. அப்பிழையைச் செய்யப் பார்த்தவர்கள் நாங்களே.

புறப்படும் நாளில், அப்படியானால் எப்போது வந்தால் குழந்தைகளைக் கடலில் ஏற்றலாம் என்று மாமாவைக் கேட்டோம். "மாசிக் கடைசியில் வாருங்கள். வாடை ஓய்ந்திருக்கும், சோழகம் பிறந்திருக்காது. இரண்டு கடலும் தூங்கும்" என்றார். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா தவக்காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். 1974 உடன்படிக்கைக்குப் பின் இலங்கையைச் சேர்ந்துவிட்ட, குடிநீரும் குடிமக்களும் இல்லாத அத்தீவுக்கு, இரு கரையிலிருந்தும் மக்கள் பெயர் பதிந்து படகேறிச் செல்லும் நாள்கள் அவை. போர்க்காலத்தில் தடைப்பட்டுப் பின் தொடர்ந்த அவ்விழாவுக்கு மாமா தம் இளமையில் பாய் விரித்தே போயிருக்கிறார். போகும்போது என்ன காற்று, வரும்போது என்ன காற்று என்பது இன்றும் அவருக்கு நினைவிருக்கிறது. மறையுரை நிகழ்த்திய குருவானவரின் பெயர்தான் நினைவில்லையாம்.

மாலை வண்டியில் ஏறினோம். பாம்பன் வந்ததும் சிறுவர்கள் எல்லாரும் சன்னலுக்கு ஓடினார்கள். அரிச்சல்முனையில் கேள்வி கேட்டவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பின்பு திரும்பி, "இன்னும் வடக்கேதான் ஓடுகிறது" என்றான்.